புயலின் கண்ணுக்குள் ஒரு மணி நேரம்

1989 செப்டம்பர் 15. பார்படாஸ் தீவுக்குக் கிழக்கே, அட்லாண்டிக் கடல்மேல் ஹியூகோ புயல். அதை அளக்க அமெரிக்காவின் ‘பி-3’ ஆய்வு விமானம் 450 மீட்டர் உயரத்தில் உள்ளே நுழைந்தது. அவ்வளவு தாழ்வாகப் போயிருக்கவே கூடாது. ஆனால் புயல் இத்தனை உக்கிரமாக இருக்கும் என்று விமானத்தில் இருந்தவர்கள் எதிர்பார்க்கவில்லை.

காற்று பலமாக அடித்தாலே விமானத்துக்கு ஆபத்து என்று நினைக்கிறோம். சீராக அடித்தால் ஆபத்தில்லை. பத்து கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வீசும் ஜெட் காற்றோட்டத்தில் பயணிகள் விமானங்கள் சாதாரணமாகப் பறக்கின்றன. காற்று நகர்ந்தால் விமானமும் கூடவே நகரும், அவ்வளவுதான். வினை வருவது, காற்று சட்டென்று மாறும் இடத்தில். புயலின் கண்ணைச் சூழ்ந்த மேகச் சுவர் அப்படிப்பட்ட இடம். ஒரு நொடி மேலே தூக்கும், மறுநொடி கீழே தள்ளும்.

ஹியூகோவின் சுவரில் விமானம் தாங்க வேண்டிய விசை, புவியீர்ப்பைப்போல் ஐந்து மடங்கைத் தாண்டியது. கட்டி வைத்திருந்த உயிர்காப்புப் படகுகூட அறுத்துக்கொண்டு உள்ளே பறந்தது. நான்கு எஞ்சின்களில் ஒன்று தீப்பற்ற, அதை நிறுத்தினார்கள். கடல்மட்டத்துக்கு மேல் 300 மீட்டர்கூட இல்லாத நிலையில் விமானம் கண்ணுக்குள் வந்து சேர்ந்தது. அங்கே காற்று அடங்கியிருந்தது. ஆனால் வெளியே போக மறுபடி அதே சுவரைக் கடக்க வேண்டும், அதுவும் மூன்று எஞ்சின்களோடு. எரிபொருளைக் கொட்டி எடையைக் குறைத்து, வட்டமடித்தபடியே மெல்ல உயரம் ஏறினார்கள். அமெரிக்க விமானப்படையின் சி-130 ஒன்று முன்னால் போய், சுவர் சற்றுத் தணிந்த பக்கத்தைத் தேடிக் காட்டியது. அந்த வழியாகத்தான் எல்லோரும் உயிரோடு வெளியேறினார்கள். அந்த இன்னொரு விமானக்குழுவின் துணிச்சலை நான் பெரிதாக மதிக்கிறேன்.

புயலுக்குள் வேண்டுமென்றே விமானம் ஓட்டுவது 1943-இல், டெக்சாஸ் கடற்கரையில், ஜோசப் டக்வொர்த் என்ற ராணுவ விமானியோடு தொடங்கியது. இன்றும் அது நிற்கவில்லை. ஏனென்றால், செயற்கைக்கோள் பெரும்பாலும் மேகத்தின் தலையைத்தான் பார்க்கும். விமானத்திலிருந்து சின்ன பாராசூட்டோடு போடும் குழாய்க்கருவியோ, கடலைத் தொடும் வரை காற்றழுத்தம், வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம் என்று நொடிக்கு நொடி அனுப்பிக்கொண்டே விழும்.

வங்காள விரிகுடாப் புயல்களுக்குள் இப்படி வழக்கமாகச் சென்றுவரும் விமானம் நம்மிடம் இல்லை. நடுக்கடலில் அவற்றின் பலத்தைப் பெரும்பாலும் செயற்கைக்கோள் படத்தை வைத்தே மதிப்பிடுகிறார்கள். நாகப்பட்டினத்துக்கும் கடலூருக்கும் அது போதாது. நமக்கும் அப்படி ஒரு விமானம் வேண்டும்.