ஜாமீன் யாருக்கு?

கொரோனா ஊரடங்கில் முடங்கிய தொழில்களுக்காக மத்திய சர்க்கார் கொண்டுவந்த அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்துக்கு 2023 மார்ச் 31 கடைசி நாள் என்பது நினைவூட்டப்பட்டதிலிருந்து, திண்டுக்கல்லிலும் சின்னாளபட்டியிலும் இருந்து வந்த வாசகர் கடிதங்களில் ஒரே சந்தேகம் பல ரூபங்களில் எழுந்தது: சர்க்காரே ஜாமீன் நிற்கும்போது வங்கி மேலாளர் ஏன் கையை விரிக்கிறார்?

சிறுதொழிலுக்கு 5 லட்சம் கோடி ரூபாய் என்று விளம்பரங்கள் முழங்கியது கஜானாவிலிருந்து எடுத்துக் கொடுத்த பணமன்று. கடன் வாங்கியவர் கட்டத் தவறினால் வங்கியின் நஷ்டத்தை ஈடுசெய்வதாக ஒப்புக்கொண்ட உச்சவரம்பே அது. ஆகவே ஜாமீன் வங்கிக்கேயன்றிக் கடனாளிக்கு அன்று. பாக்கி அவர் தலையிலேயே நிற்கும்.

திட்டத்தின் யுக்தியெல்லாம் அதன் அளவுகோலில் அடங்கியிருக்கிறது. ஊரடங்கில் நஷ்டம் எவ்வளவு, எத்தனை பேருக்குக் கூலி நிற்கிறது என்று எதையும் விசாரியாமல், 2020 பிப்ரவரி 29 அன்று வங்கிக் கணக்கில் நிலுவையிலிருந்த கடனில் 20 சதவீதத்தைப் புதிய ஈடு கேளாமல் கொடுத்துவிடுவது என்பதே அவ்வாண்டு மே மாதத்து ஏற்பாடு. பின்னர் 2021 மார்ச் 31 நிலுவையும் ஏற்கப்பட்டு, அளவு 30 சதவீதம் வரை உயர்ந்தது. கொள்ளைநோய்க் காலத்தில் பட்டறை பட்டறையாகச் சென்று மதிப்பிட அவகாசமில்லாதபோது, வங்கி முன்பே பரிசீலித்த கடனையே அளவாகக் கொண்டதால் பணம் விரைந்து போயிற்று என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த விரைவைத் தந்த விதியேதான் ஒருசாராரை வாசலில் நிறுத்தியது. 50 லட்சம் நிலுவை வைத்திருந்த தோல் ஷாப்புக்கு 10 லட்சம் கிடைத்தது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டை, வியாபாரியின் முன்பணத்திலும் கந்துவட்டியிலும் காலந்தள்ளிச் செய்கிற பட்டறைக்காரருக்கோ பூஜ்யத்தில் 20 சதவீதம். அவரும் கடனாளிதான், அவர் பட்ட கடன் எந்த வங்கிப் புத்தகத்திலும் ஏறாததால் சர்க்காரின் கண்ணில் கடனாகவே படவில்லை.

இனி மற்றக் கேள்விகள்.

வட்டி எவ்வளவு? வங்கிகளில் 9.25 சதவீதத்துக்கும், வங்கியல்லாத நிதி நிறுவனங்களில் 14 சதவீதத்துக்கும் மிகாமலிருந்தது.

தவணைக் காலம்? சாதாரணப் பிரிவில் 4 ஆண்டு. முதல் ஆண்டில் வட்டி மட்டும்.

முன்பே தவணை தவறியவர்? 2020 பிப்ரவரி 29 அன்று 60 நாளுக்கு மேல் பாக்கி நின்றிருந்தால் மூலத் திட்டத்தில் தகுதியிருக்கவில்லை.

தள்ளுபடி உண்டா? இல்லை.

உத்யம் என்னும் சிறுதொழில் பதிவு மட்டும் போதுமாயிருந்ததா? போதவில்லை.

வங்கிக் கடனே இல்லாதவர்? மாவட்டத் தொழில் மையத்தில் வேறு திட்டங்களைக் கேட்கட்டும். 2023 மார்ச் 31-க்காக அவர் ஓட வேண்டியிருக்கவில்லை, அந்தக் கெடு அவருக்காக வைக்கப்பட்டதே அன்று.