பிடரிக்குள் ஒரு வானவில்

மெதுவாக வாருங்கள். சாவி, சில்லறை இருந்தால் வெளியிலேயே வைத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் காந்தத்துக்கு ராத்திரி பகல் கிடையாது. கதவோரத் தட்டைப் பார்த்தீர்களா? கொண்டை ஊசி, பெல்ட், ஒரு ஜோடி ஜிமிக்கி!

ஜிமிக்கிக்காரி கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மூளை ஸ்கேனர் குழாய்க்குள் படுத்திருக்கிறாள். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட விசிறி ஒன்று அவள் கண்ணெதிரே சுற்றுகிறது. நடுப்புள்ளி நிறம் மாறினால் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. கொஞ்ச நேரத்தில் பொத்தானிடமிருந்து பதிலே இல்லை. "தூங்கிட்டா!" அறையே சிரிக்கிறது. காதைப் பிளக்கும் அந்தத் தடதடப்பிலும் தூக்கம் வருகிறதே!

பக்கத்து அறையில்தான் அலசல். காலி டீ கப்புகள், பின்னிக் கிடக்கும் வயர்கள். திரையில் ஆறு கோடுகள், தலை நகர்ந்ததையும் திரும்பியதையும் காட்டுபவை. ஓரிடத்தில் எல்லாமே துள்ளுகின்றன. "இருமியிருக்கா" என்கிறார் ஆய்வாளர், பார்த்த மாத்திரத்தில். ஒரு மில்லிமீட்டர் அசைவே தரவைக் கலக்கிவிடுமாம்.

சுவரில் ஏன் மீன் படம்? செத்த சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர். ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரே மூச்சில் சோதித்தால் சில தற்செயலாகவே தேறிவிடும். அதைச் சரிக்கட்டும் திருத்தத்தைச் செய்யாமல் பார்த்தபோது மீன் மூளையும் "வேலை செய்தது"! 2012-ல் அதற்கு இக் நோபல் கிடைத்தது. இங்கே புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் பாடம் இந்த மீன்தான்.

இப்போது பாருங்கள், இதற்காகத்தான் உங்களை இழுத்து வந்தேன். போன வாரம் எடுத்த அவளுடைய ஸ்கேன். நரம்பு துடித்து ஐந்தாறு நொடி கழித்தே, ஸ்கேனர் பார்க்கும் ரத்த ஓட்டம் உச்சம் தொடும். அந்தத் தாமதத்தையும் கணக்கில் சேர்த்தாயிற்று. மடிப்பு மடிப்பான மூளையைக் கணினி பலூன் போல ஊதுகிறது. பிடரிப் பக்கம் வானவில் விரிகிறது! விசிறி நின்ற ஒவ்வொரு திசைக்கும் ஒரு நிறம். இடப்பக்கம் கண்டது வலது மூளையில், மேலே கண்டது கீழ்க்கரையில். ருஷ்ய-ஜப்பான் போரில் தலையில் குண்டடிபட்ட வீரர்களைச் சோதித்து, 1909-லேயே இதற்கு வரைபடம் போட்டவர் ஜப்பானியக் கண் மருத்துவர் தட்சுஜி இனோவே.

நிறங்கள் வந்த வழியே திரும்பும் இடம்தான் முதல் பார்வைப் பகுதியின் எல்லை. ஆய்வாளர் மூச்சை அடக்கி, மவுஸால் கோடு இழுக்கிறார். அழிக்கிறார். மறுபடி இழுக்கிறார்.

கன்னத்தில் பஞ்சுத் திண்டின் தடத்தோடு அவள் வந்து நிற்கிறாள். "இது நானா?" யாருக்கும் கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை. அவள் போன பிறகு பார்த்தால், தட்டிலேயே கிடக்கிறது ஜிமிக்கி. எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடுகிறார் ஆய்வாளர்.