புள்ளியை நேரத்தால் வகுத்தால்: பிராக்டிக்கல் பிஸ்டல் போட்டிக்கு ஒரு அறிமுகம்



இந்த வார எபிசோடில் மைக்ரோஃபோன் சென்சர்களைப் பற்றிக் கதைக்கேக்க, ஷாட் டைமர் எண்ட ஒரு சின்னப் பெட்டியைப் பற்றி ரெண்டு நிமிஷம் சொன்னேன். அதுக்கு வந்த மெயில்களில் பாதி, "அண்ணா, நீங்கள் உண்மையிலயே பிஸ்டல் மேட்ச் சுடுறனீங்களோ?" எண்டு கேட்டது. மிச்சப் பாதி, "எப்படித் தொடங்குறது, என்ன வாங்குறது?" எண்டு கேட்டது. முதல் கேள்விக்குப் பதில், ஓம். ரெண்டாவது கேள்விக்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் சட்டம். நான் இருக்கிறது மெல்பேர்னில். இங்க லைசென்ஸும் கிளப் உறுப்புரிமையும் இருந்தால் இந்த விளையாட்டை விளையாடலாம். பிரிட்டனில் 1997 இலிருந்து கைத்துப்பாக்கிகளுக்குத் தடை. கனடாவில் 2022 ஒக்டோபரிலிருந்து கைத்துப்பாக்கி வாங்குறது, விற்கிறது, கைமாற்றுறது எல்லாத்தையும் அரசாங்கம் நிறுத்தி வைத்திருக்கு. நோர்வே, சுவிஸ், ஜெர்மனி, பிரான்ஸ் மாதிரி நாடுகளில் அனுமதி இருக்கு, ஆனால் விதிகள் ஒவ்வொரு இடத்திலும் வேற. ஆகவே உங்கட நாட்டு விதியைப் பார்த்துவிட்டு மேலே வாசியுங்கோ. தடை உள்ள இடங்களில் இருக்கிறவைக்கும் கீழே வாற கணக்கு சுவாரசியமாக இருக்கும் எண்டு நினைக்கிறேன்.

விளையாட்டு என்ன?

ஐபிஎஸ்சி எண்ட சர்வதேச அமைப்பு 1976 இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் கொலம்பியா நகரில் தொடங்கினது. அதன் தாரக மந்திரம் மூன்று லத்தீன் சொற்கள். அர்த்தம்: துல்லியம், விசை, வேகம். ஒலிம்பிக் பிஸ்டலில் ஒரு இடத்தில் நின்று சுடுவார்கள். இங்க ஓட வேணும், சுவருக்குப் பின்னால எட்டிப் பார்க்க வேணும், நடுவில மகசின் மாற்ற வேணும். எந்த இலக்கை எந்த ஒழுங்கில், எங்க நின்று சுடுறது எண்டதைப் பெரும்பாலும் நீங்களே முடிவெடுக்கலாம். ஒரு சின்ன அல்கோரிதம் எழுதுற மாதிரி.

இலக்கு மூலைகள் வெட்டின ஒரு கார்ட்போர்ட் அட்டை. நடுவில ஏ வலயம், அதுக்கு வெளியே சி, ஓரத்தில டி. ஏ பட்டால் 5 புள்ளி. மைனர் எண்ட விசை வகுப்பில் சி-க்கு 3, டி-க்கு 1. மேஜர் வகுப்பில் சி-க்கு 4, டி-க்கு 2. இலக்கைத் தவறவிட்டால் 10 புள்ளி கழிபடும். சுடக்கூடாத அட்டையில் பட்டாலும் 10 கழியும்.

இனி முக்கியமான விஷயம். எடுத்த மொத்தப் புள்ளியை எடுத்த நேரத்தால் வகுப்பார்கள். வாறதுதான் ஹிட் ஃபாக்டர். செக்கனுக்கு எத்தனை புள்ளி எண்டு அர்த்தம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

12 அட்டை, ஒவ்வொன்றிலும் ரெண்டு சூடு, மொத்தம் 24 சூடு. உச்சப் புள்ளி 120. மூன்று பேர் மைனரில் சுடுகினம்.

முதல் ஆள்: 24-ம் ஏ, நேரம் 24 செக்கன். 120-ஐ 24 ஆல் வகுத்தால் 5.0.

ரெண்டாவது ஆள்: 18 ஏ, 6 சி. புள்ளி 108, நேரம் 20 செக்கன். வருவது 5.4.

மூன்றாவது ஆள்: 17 ஏ, 5 சி, 1 டி, ஒரு தவறு. புள்ளி 91, நேரம் 19 செக்கன். வருவது 4.79.

வென்றது ரெண்டாவது ஆள். அவருக்கு முழு 120 கிடைக்கும். மற்றவைக்கு அந்த விகிதத்தில்: முதல் ஆளுக்கு 111.1, மூன்றாவது ஆளுக்கு 106.4. ஒண்டையும் விடாமல் நடுவில அடிச்சவரும் வெல்லேல்ல, வேகமாக ஓடினவரும் வெல்லேல்ல.

இதை இன்னொரு கோணத்தில் பாருங்கோ. 5.4 ஹிட் ஃபாக்டரில் ஒரு ஏ, சி-யாக மாறினால் 2 புள்ளி போகுது. 2-ஐ 5.4 ஆல் வகுத்தால் 0.37 செக்கன். அதாவது அந்த சி-யை ஏ ஆக்க 0.37 செக்கனுக்குக் குறைவாகச் செலவாகும் எண்டால் செலவழிக்கலாம், கூட எண்டால் விட்டுவிடலாம். ஒரு தவறின் விலை 15 புள்ளி (கிடைக்காத 5, கழியும் 10). அது 2.8 செக்கன். ஆகவே "பட்டதோ இல்லையோ" எண்டு சந்தேகம் வந்த உடனேயே இன்னொரு சூடு விடுறது எப்பவும் லாபம். அதுக்கு அரைச் செக்கன் கூட ஆகாது.

ஹிட் ஃபாக்டர் 10 போற கிட்டத்து இலக்குகளில் அதே சி-யின் விலை 0.2 செக்கன்தான். 3 போற கஷ்டமான ஸ்டேஜில் 0.67 செக்கன். அதனாலதான் அனுபவசாலிகள் ஸ்டேஜைப் பார்த்தவுடன் ஹிட் ஃபாக்டர் என்னவாக வரும் எண்டு மனசுக்குள்ள மதிப்பிடுவினம். எங்க அவசரப்படலாம், எங்க நிதானிக்க வேணும் எண்டு அந்த ஒரு எண் சொல்லிவிடும்.

எதை வேகமாக்குறது?

புதுசாக வாறவை விசையை எவ்வளவு கெதியாக இழுக்கலாம் எண்டுதான் யோசிப்பினம். கம்ப்யூட்டர் சயன்ஸ் படிச்சவைக்கு அம்டாலின் விதி ஞாபகம் இருக்கும்: ஒரு பகுதியை எவ்வளவு வேகமாக்கினாலும், அந்தப் பகுதி மொத்த நேரத்தில் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் பலன். மேலே சொன்ன 20 செக்கன் ஸ்டேஜில், ஒவ்வொரு அட்டையிலும் முதல் சூட்டுக்கும் ரெண்டாவது சூட்டுக்கும் இடையில் 0.3 செக்கன் எண்டு வையுங்கோ. 12 அட்டைக்கு 3.6 செக்கன். அதை 0.2 ஆக்கினால் மிச்சம் 1.2 செக்கன். அந்த முன்னேற்றத்துக்கு நிறைய ரவை செலவாகும், குறியும் கெட்டுப்போகும்.

மற்ற 16 செக்கன் எங்க போகுது? உறையிலிருந்து எடுக்கிறது, இலக்கிலிருந்து இலக்குக்கு மாறுறது, ஓடுறது, நிக்கிறது, மகசின் மாற்றுறது. இதில பெரும்பாலானதை ஒரு ரவை கூடச் செலவழிக்காமல் பழகலாம்.

வீட்டுப் பயிற்சி

இதுக்கு டிரை ஃபயர் எண்டு பேர். வெறும் துவக்கோட பயிற்சி. முதல் விதி: அந்த அறையில் ரவை ஒண்டும் இருக்கக்கூடாது. மகசினைக் கழற்றி, அறையைக் கண்ணாலும் பார்த்து, விரலாலும் தடவிப் பார்த்த பிறகுதான் தொடங்க வேணும். நான் வாரத்தில் நாலு நாள், 15 நிமிஷம் செய்வேன். அதுக்கு மேல போனால் கவனம் சிதறும்.

ஒன்று, சுவர்ப் பயிற்சி. வெறும் சுவருக்கு முன்னால பிடிச்சுக்கொண்டு விசையை இழுங்கோ. முன்குறி அசையக்கூடாது. சலிப்பான பயிற்சி, ஆனால் எல்லாத்துக்கும் அடித்தளம் இதுதான்.

ரெண்டு, உறையிலிருந்து எடுத்தல். ஃபோனில் டைமர் ஆப் ஒன்றில் 2.0 செக்கன் வையுங்கோ. ரெண்டாவது பீப்புக்கு முதல் குறி இலக்கில் நிக்க வேணும். பத்துக்கு எட்டுத் தடவை முடிந்தால் 0.1 குறையுங்கோ.

மூன்று, இலக்கு மாற்றம். சுவரில மூன்று சின்ன ஸ்டிக்கர் ஒட்டுங்கோ. கண் முதல் போக வேணும், துவக்கு பின்னால வரும். துவக்கையும் கண்ணையும் ஒன்றாக நகர்த்தினால் இலக்கைத் தாண்டிப்போய்த் திரும்பி வருவீங்கள்.

நாலு, மகசின் மாற்றம். பழைய மகசினை விழவிடும்போதே மற்றக் கை பெல்ட்டில இருக்க வேணும்.

பிடி எப்படி? துவக்கின் பின்பக்கத்தில் கை எவ்வளவு மேலே ஏற முடியுமோ அவ்வளவு மேலே. மற்றக் கையின் உள்ளங்கை, பிடியில் மிச்சமிருக்கிற வெற்றிடத்தை நிரப்ப வேணும். இறுக்கிப் பிடிக்கிறது அந்த மற்றக் கை. சுடுற கையை இறுக்கினால் விசை விரல் மந்தமாகும். வலக்கைக்காரருக்குச் சூடுகள் இடப்பக்கம் கீழே குவிந்தால், வெடிக்க முதலே துவக்கைக் கீழே தள்ளுறீங்கள் எண்டு அர்த்தம். அதைக் கண்டுபிடிக்க, நண்பர் ஒருவரைக் கேட்டு மகசினில் டம்மி ரவையை இடையிடையே கலந்து போடச் சொல்லுங்கோ. டம்மி வரும்போது துவக்கு முன்னுக்குக் குனியும். எல்லாருக்கும் தெரியும்.

என்ன வாங்குறது?

துவக்கை கடைசியாக வாங்குங்கோ. முதல் மாதங்களில் கிளப் துவக்கால சுடுங்கோ. வாங்குற ஒழுங்கு: நல்ல காதுக்கவசம், கண்ணாடி. பிறகு விறைப்பான ரெட்டைப் பெல்ட், அசையாத ஹோல்ஸ்டர், மகசின் பைகள். பிறகு டைமர்.

ஃபோன் ஆப் வீட்டுக்குப் போதும், ரேஞ்சுக்குப் போதாது. ஷாட் டைமர் ஒரு எல்லைக்கு மேல் சத்தம் வந்தால் நேரத்தைப் பதியும். பிறகு எதிரொலியை இன்னொரு சூடாக எண்ணாமல் இருக்க ஒரு சின்ன இடைவெளிக்குக் காதைப் பொத்திக்கொள்ளும். இந்த ரெண்டையும் தனி டைமரில் மாற்றி அமைக்கலாம். சரியாக அமைத்தால், பக்கத்துப் பேயில் யாராவது சுடும்போது அது குழம்புறது குறையும்.

இனி துவக்கு. தொடங்குறவைக்கு புரொடக்ஷன் பிரிவு சரி, 9 மிமீ, எல்லாருக்கும் மைனர் புள்ளி. அவுஸ்திரேலியாவில் ஒரு பொறி இருக்கு. சட்டப்படி செமி ஆட்டோ பிஸ்டலின் குழல் குறைந்தது 120 மிமீ இருக்க வேணும். ஐபிஎஸ்சி புரொடக்ஷனில் ஆகக்கூடியது 127 மிமீ. ஆகவே உங்கட ஜன்னல் வெறும் 7 மிமீ. சாதாரண க்ளொக் 17 இன் குழல் 114 மிமீ, சட்டத்துக்குக் கட்டை. க்ளொக் 34 சட்டத்துக்குச் சரி, ஆனால் புரொடக்ஷனுக்கு நீளம். இதுக்காகவே 120 மிமீ குழலோட க்ளொக் 17ஏ எண்ட ஒன்றை இந்த நாட்டுக்குச் செய்தார்கள். காசு கட்ட முதல் இந்த வருஷ ரூல்புக்கை ஒருக்கால் திறந்து பாருங்கோ.

மேட்ச்களில் நிறையக் காணுறது சீஸெட் ஷேடோ 2. உருக்கு உடம்பு, 1.3 கிலோவுக்குக் கிட்ட. பாரம் கூட எண்டபடியால் உதைப்பு குறைவு. ஆனால் முதல் சூட்டுக்கு விசை நீளம், பிறகு கட்டை. ரெண்டு விதமான இழுவையையும் பழக வேணும். க்ளொக் இலேசு, விசை எப்பவும் ஒரே மாதிரி. ரெண்டையும் வாடகைக்கோ இரவலாகவோ சுட்டுப் பார்த்து, கைக்கு எது பொருந்துதோ அதை எடுங்கோ.

சிவப்புப் புள்ளி ஆப்டிக் எடுத்தால் புரொடக்ஷன் ஆப்டிக்ஸ் பிரிவு. 6 எம்ஓஏ புள்ளி 25 மீட்டரில் 4.4 சென்டிமீட்டரை மறைக்கும். கண்ணை இலக்கிலேயே வைத்திருக்கலாம். ஆனால் பிடி சரியில்லாட்டி கண்ணாடிக்குள்ள புள்ளியே வராது. அதால உங்கட பிடியின் குறையை அது உடனே காட்டித்தரும்.

ரவைக்கும் ஒரு கணக்கு. குண்டின் எடையை கிரெயினில் எடுத்து, வேகத்தை அடி/செக்கனில் எடுத்து, பெருக்கி 1000 ஆல் வகுத்தால் பவர் ஃபாக்டர். அதாவது உந்தம், சக்தி அல்ல. மைனருக்கு 125 வேணும். 124 கிரெயின் குண்டு 1016 அடி வேகத்தில் 126 வரும். 147 கிரெயின் குண்டுக்கு 860 அடி போதும். பாரக் குண்டு மெதுவாகப் போறதால் பலருக்கு உதைப்பு மென்மையாகத் தெரியும். பெரிய மேட்ச்களில் உங்கட ரவையை எடுத்து வேகம் அளப்பார்கள். 125-க்குக் கீழே போனால் சுடலாம், புள்ளி கிடையாது. நான் 130-க்குக் கிட்ட வைப்பேன்.

இன்னொன்று: இங்க மகசினில் 10 ரவைதான் போடலாம். 24 சூட்டு ஸ்டேஜில் குறைந்தது ரெண்டு தடவை மாற்ற வேணும். நிண்டுகொண்டு மாற்றினால் நேரம் வீண். ஒரு இடத்திலிருந்து மற்ற இடத்துக்கு நடக்கிற நேரத்தில் மாற்றினால் அது இலவசம். ஸ்டேஜ் பிளான் எண்டுறதில் பாதி இதுதான்.

பாதுகாப்பும் வீடும்

மேட்சில் துவக்கு கையிலிருந்து விழுந்தால், முனை பின்பக்கம் திரும்பினால், ஓடும்போதோ மகசின் மாற்றும்போதோ விரல் விசையில் இருந்தால், அண்டைக்கு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எவ்வளவு பெரிய சாம்பியனுக்கும் அதே விதி. புதுசாக வாற ஆளுக்கு முதல் ஆறு மேட்சின் இலக்கு ஒன்றே ஒன்று: பாதுகாப்பாக முடிக்கிறது.

எங்கட வீடுகளில் இன்னொரு விஷயம் இருக்கு. "துவக்கு" எண்ட சொல் எங்கட பெற்றோருக்கு விளையாட்டுச் சாமான் இல்லை. நான் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க முதல் அம்மாவிட்டச் சொன்னபோது அவ கேட்டது ஒரு கேள்விதான்: "உதை வீட்டிலயோ வைக்கப்போறாய்?" நியாயமான கேள்வி. தரையோட போல்ட் போட்ட இரும்புப் பெட்டி, ரவைக்கு வேற பூட்டு, திறப்பு என்னிட்ட மட்டும் எண்டு காட்டினேன். அவவுக்கு இப்பவும் பிடிக்கேல்ல. நான் அதை மாற்ற முயற்சிக்கிறதும் இல்லை. அவ வீட்டுக்கு வாற நாளில டிரை ஃபயர் இல்லை, அவ்வளவுதான்.

உங்கட வீட்டில யாராவது மனச்சோர்வோட போராடிக்கொண்டிருந்தால், அது நீங்களாக இருந்தாலும், துவக்கு வாங்காதீங்கோ. கிளப்பில் போய் கிளப் துவக்கால சுடலாம். விளையாட்டு எங்கையும் ஓடிப்போகாது.

தொடங்க விரும்பினால் இந்த மாசம் ஒரு மேட்சைப் போய்ப் பாருங்கோ. கண்ணாடியும் காதுக்கவசமும் போட்டுக்கொண்டு அட்டைகளுக்கு ஸ்டிக்கர் ஒட்ட உதவி செய்யுங்கோ. ரெண்டு மணித்தியாலத்தில், நாலு யூடியூப் வீடியோவில் படிக்காததைப் படிப்பீங்கள். கேள்வி இருந்தால் இந்த மெயிலுக்கே பதில் போடுங்கோ. அடுத்த கிழமை பேட்டரி விஷயத்தோட சந்திப்பம்.