மனச்சிதைவு நோயும் பரம்பரையும்

உடலைப் பற்றும் நோய் பெரும்பாலும் நோயாளியை மட்டுமே வருத்தும்; மனத்தைப் பற்றும் நோயோ அவன் குடும்பத்தின் பெயரையும் சேர்த்து வருத்தும். பூனாகலை முதலிய ஊவா மலைத் தோட்டங்களில் திருமணப் பேச்சு எழும்போது, “குடும்பத்தில் யாருக்காவது புத்திக் கோளாறு உண்டா?” என்னும் வினாவும் உடன் எழுவதுண்டு. தமையன் ஒருவன் நோயுற்றால் தங்கையின் மணம் தடைப்படுகின்றது. அதற்கு அஞ்சியே பெற்றோர் நோயை மறைக்கின்றனர், வைத்தியம் தாமதிக்கின்றது. நோய்க்குக் காரணம் செய்வினை என்பார் ஒருசாரார். பரம்பரை என்பார் மற்றொரு சாரார். பின்னவர் கூற்றில் பாதி உண்மை. மறு பாதி பிழை. இரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.

மனச்சிதைவு என்னும் சிசோபிரீனியாவுக்கு அப்பெயரை 1908ஆம் ஆண்டில் வழங்கியவர் சுவிற்சர்லாந்து வைத்தியப் பேரறிஞர் ஒய்கன் புளொய்லர் ஆவர். ஒருவர் இருவராக மாறி நடத்தல் என்று இதனைக் கருதுவது தவறு. பேசுவார் இல்லாமலே குரல் கேட்டல், காரணமற்ற ஐயம், சிந்தனை தொடர்பற்றுப் போதல், பிறரை விட்டு ஒதுங்கல் என்பன இதன் குறிகள். பெரும்பாலும் இளமைப் பருவத்திலேயே இது தலைகாட்டும்.

இந்நோய் குடும்பங்களில் தொடர்வது வளர்ப்பினாலா, பிறப்பினாலா? இவ்வினாவுக்கு விடைகாண அமெரிக்க அறிஞர் லெனர்ட் ஹெஸ்டன், நோயுற்ற தாய்மாரிடமிருந்து பிறந்த சில நாட்களிலேயே பிரிக்கப்பட்டுப் பிறரால் வளர்க்கப்பட்ட 47 பேரை ஆராய்ந்தார். அவருள் ஐவர் நோயுற்றிருந்தனர். அவ்வாறே பிரிந்து வளர்ந்தும் தாய்க்கு நோயில்லாத 50 பேருள் ஒருவரேனும் நோயுறவில்லை. 1966இல் வெளியான இம்முடிவு, பிறப்பின் பங்கை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது.

அப்பங்கின் அளவு யாது? ஐரோப்பிய ஆராய்ச்சிகளை 1991இல் தொகுத்துரைத்த இர்விங் கொட்டஸ்மன் தந்த கணக்கு வருமாறு. பொதுமக்களுள் நூற்றுக்கு ஒருவருக்கு இந்நோய் வரலாம். நோயாளியின் உடன்பிறந்தாருள் ஒன்பதின்மருக்கு. பெற்றோருள் ஒருவர் நோயாளியாயின் பிள்ளைகளுள் பதின்மூவருக்கு. ஒரே கருவிற் பிறந்த ஒத்த இரட்டையருள் ஒருவர் நோயுற்றால் மற்றவருள் 48 பேருக்கு. இவ்விறுதி எண்ணே சிந்திக்கத்தக்கது. பரம்பரையே முற்றும் காரணமாயின் அது நூறாதல் வேண்டுமன்றோ?

தேயிலைச் செடி இதனை விளக்கும். ஒரே தாய்ச்செடியிலிருந்து வெட்டிய தண்டுகளை நாற்றுமேடையில் வளர்த்து நடுகின்றனர். அவையெல்லாம் பிறப்பால் ஒன்றே. எனினும் பனிமூட்டம் நீங்காத சரிவில் நின்றது கொப்புள நோயால் வாட, வெயில்படும் மேட்டில் நின்றது தழைக்கின்றது. செடி பிறப்பிற் பெற்றது நோய்க்கு இடங்கொடுக்கும் தன்மையே, நோயையன்று. மனிதருக்கும் இது பொருந்தும். 1944–45இல் ஒல்லாந்தில் நேர்ந்த கொடும் பஞ்சத்தின் உச்சத்தில் கருவுற்றுப் பிறந்தோரிடம் இந்நோய் இருமடங்காகக் காணப்பட்டது. பிரசவ இடர்களும் இளவயதுக் கஞ்சாப் பழக்கமும் அவ்வாறே இடரைக் கூட்டுகின்றன.

இத்தன்மையைத் தருவது ஒரு தனிப் பரம்பரையலகும் அன்று. 2022இல் வெளியான உலகளாவிய ஆராய்ச்சி, நோயோடு தொடர்புடைய 287 இடங்களை நிறமூர்த்தங்களிற் கண்டது. அவை ஒவ்வொன்றும் சிறுபங்கே செய்வன. அவற்றுட் சிலவற்றைச் சுமவாத மனிதர் இலர். ஆதலின் ‘தூய குடும்பம்’, ‘கெட்ட குடும்பம்’ என்னும் பிரிவுக்கு அறிவியலில் இடமில்லை.

அவ்வாராய்ச்சிகளிற் பெரும்பகுதி ஐரோப்பிய வழியினரைப் பற்றியது. தமிழரிடையே இவ்வினாவை ஆராய்ந்த பெருமை, டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு உண்டு. அந்நிறுவனத்தாரும் ஆஸ்திரேலிய அறிஞரும் கூடித் தென்னிந்தியர் 3,092 பேரை ஆராய்ந்து 2019இல் முடிவை வெளியிட்டனர். எட்டாம் நிறமூர்த்தத்தில், நயாசின் என்னும் உயிர்ச்சத்தை உடல் பயன்படுத்துவதற்கு உதவும் பரம்பரையலகொன்றின் தொடர்பு அதிற் புலப்பட்டது. நயாசின் உண்டால் நோய் தீரும் என்று இதனாற் கொள்ளலாகாது; மேலும் ஆராய்தற்கு ஒரு வழி திறந்தது என்பதே பொருள். மலைநாட்டுத் தமிழரின் முன்னோர் தமிழகத்திலிருந்து வந்தவராதலின், அவ்வாராய்ச்சி இம்மலைகளுக்கும் அயலானதன்று.

இனித் திருமணப் பேச்சுக்கு மீள்வோம். நோயாளியின் தங்கைக்குப் பிறக்கும் பிள்ளைக்கு நோய்வரும் வாய்ப்பு, கொட்டஸ்மன் கணக்கின்படி நூற்றுக்கு நான்கு. தொண்ணூற்றாறு பிள்ளைகளுக்கு அது வாராது. நோயாளருட் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேரின் பெற்றோர் இருவருமே அந்நோய் இல்லாதவர். ஆகவே குடும்பத்தை வினவிப் பெண்ணை ஒதுக்குவோர் தம் குடும்பத்தைக் காத்துக்கொண்டவராகார். ஒரு பெண்ணின் வாழ்வைக் கெடுத்தவரே ஆவர்.

பரம்பரையை அறிதல் பழிப்பதற்கன்று, விழித்திருப்பதற்கே. அக்குடும்பத்து இளைஞன் உறக்கங்கெட்டு, ஒதுங்கி, தனக்குள் பேசத் தொடங்கின், கோடாங்கியிடம் மாதங்களைக் கழியாது பதுளை வைத்தியசாலையின் உளநோய்ப் பிரிவை நாடுதல் நன்று. கருவுற்ற தாய்க்கு நல்லுணவு அளித்தலும் இதன்பாற்படும். பிறப்பை மாற்ற நம்மால் இயலாது. பிறந்தவர் வாழும் சூழலை மாற்ற இயலும். அதனைச் செய்தலே கற்றோர் கடன்.