முதுகு வலியை மறைக்காமல் சொல்லுங்கள்

அமெரிக்கப் படையில் பணியாற்றியவருக்கு அந்தப் பணியால் முழங்காலோ முதுகோ கெட்டுப்போனால், அந்நாட்டின் முன்னாள் படைவீரர் நலத்துறையிடம் மாத இழப்பீடு கேட்கலாம். இதற்கு வரி கிடையாது.

மூன்று விஷயங்களைக் காட்ட வேண்டும். இப்போது பாதிப்பு இருக்கிறது. பணிக்காலத்தில் அடிபட்டது அல்லது மூட்டுக்குத் தொடர்ந்து பளு விழுந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு. அந்தத் தொடர்பை நூறு சதவீதம் நிரூபிக்கத் தேவையில்லை. பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்று மருத்துவர் காரணத்தோடு எழுதினால் போதும். சான்றுகள் இரு பக்கமும் சமமாக நின்றால் தீர்ப்பு வீரருக்கே சாதகம். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும், வலி உடலின் இயக்கத்தைக் கெடுத்தால் அதுவே பாதிப்புதான் என்று 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இழப்பீட்டுக்காக முதுகுப் பாதிப்பை எத்தனை சதவீதம் என்று மதிப்பிடுவது என்பதைப் பெரும்பாலும் கோணமானி முடிவு செய்கிறது. நிமிர்ந்து நிற்பவரை முன்பக்கம் குனியச் சொல்லி இடுப்பருகே அளப்பார்கள். 60 பாகைக்கு மேல், 85 பாகை வரை குனிய முடிந்தால் 10 சதவீதம். 30க்கு மேல் 60 வரை என்றால் 20. முப்பதைத் தாண்ட முடியாவிட்டால் 40.

இங்கேதான் பலர் தங்களுக்கே கேடு செய்துகொள்கிறார்கள். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளப் படையில் பழகியவர்கள், மருத்துவர் முன்னும் அப்படியே 70 பாகை குனிந்து காட்டுகிறார்கள். வலி முற்றும் நாளில் ஐம்பதுகூட முடியாது என்பதைச் சொல்வதில்லை. சொன்னால், அந்த நாட்களில் எத்தனை பாகை குறையும் என்று மருத்துவர் மதிப்பிட வேண்டும். 2017 தீர்ப்பு ஒன்று இதை வலியுறுத்துகிறது. ஆகவே வலி எந்த இடத்தில் தொடங்குகிறது, மாதத்தில் எத்தனை நாள் முற்றுகிறது, அன்று செருப்பு மாட்ட முடிகிறதா, எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது என்று முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். மனைவியோ கூடப் பணியாற்றியவரோ கண்டதை எழுதிக்கொடுத்தால் அதுவும் சான்று.

நொண்டி நடந்தே மறு முழங்காலோ இடுப்போ கெட்டிருந்தால் அதற்கும் தனியாகக் கேட்கலாம். முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்புப் பாதிப்புக்கும் தனி மதிப்பு உண்டு.

மனு நிராகரிக்கப்பட்டால் மனம் தளர வேண்டாம். ஓராண்டுக்குள் புதிய சான்றோடு மறுபடி கொடுக்கலாம், மறுஆய்வு கேட்கலாம், மேல்முறையீட்டு வாரியத்துக்கும் போகலாம். அந்தக் கெடுவுக்குள் செய்து வெற்றி கிடைத்தால், பொதுவாக முதல் மனு கொடுத்த நாளைக் கணக்கில் கொண்டே நிலுவைத் தொகையும் வந்துசேரும்.