நீலக் கண்ணும் தூர்ந்த வடிகாலும்

2024 டிசம்பரில், நாக்கைப் பிளந்துவிடுகிறார் என்ற புகாரின்மேல் திருச்சியில் கைதான பச்சை குத்துபவர், தம் விழிவெள்ளைக்கும் மும்பை சென்று சாயமேற்றிக்கொண்டவர் என்று பத்திரிகைகள் எழுதின. அதைப் படித்த முத்துப்பேட்டை வாசகர் ஒருவர், விழிவெள்ளை கிடக்கட்டும், பழுப்புக் கண்ணையே நீலமாக்கும் சிகிச்சை வெளிநாட்டில் உண்டாமே, அபாயமில்லையா என்று வினவியிருக்கிறார். சிகிச்சை உண்டு, அபாயம் விளம்பரத்தில்தான் இல்லை.

நீலக் கண்ணில் நீலச் சாயம் கிடையாது. கண்ணின் நிறவளையமான ஐரிஸின் முன்னடுக்கில் மெலனின் நிறமி குறைந்திருந்தால், நிறமற்ற நுண்ணிழைகளிடையே ஒளி சிதறி நீலமாய்த் தோன்றுகிறது. எனவே லேசரால் மெலனினைச் சிதைத்தாலே போதும் என்பது இச்சிகிச்சை செய்வோர் வாதம். சிதைந்த துகள் எங்கே போகும்?

ஐரிஸுக்குப் பின்னே நிமிஷத்துக்குச் சுமார் 2.5 மைக்ரோலிட்டர் வீதம் சுரக்கும் தெளிநீர், கண்பாப்பாவின் வழியே முன்னறைக்கு வந்து, கண்ணின் முன்புறத் தெளிபடலமான கார்னியாவும் ஐரிஸும் கூடும் கோணத்திலுள்ள வலைத்திசுவில் புகுந்து இரத்தத்தில் கலக்கிறது. பாமணியாறும் கோரையாறும் வயல்வெளியின் உபரி நீரையெல்லாம் சுமந்துவந்து அலையாத்திக் காட்டு லகூனில் விடுவதையும், முகத்துவாரம் தூர்ந்த வருஷத்து ஐப்பசி அடைமழையில் சம்பாப் பயிர் மூழ்கிக் கிடப்பதையும் கண்ட முத்துப்பேட்டைக்காரருக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. மெலனின் துகளே இங்கே வண்டல். வலைத்திசு தூர்ந்தால் கண்ணின் அழுத்தம் ஏறும். மூழ்கும் பயிர் பார்வை நரம்பு. வெட்டிவிடக் கரையில்லை, கலெக்டரிடம் மனுக்கொடுக்க விவசாயிகள் சங்கமில்லை. அழுகிய நாற்றுக்கு மறுநடவு உண்டு, அழிந்த நரம்பிழைக்கு அதுவுமில்லை. கிளாக்கோமா என்பது இதுதான்.

ஐரிஸின்மேல் சிலிக்கோன் வில்லையைச் செருகுவது இதனினும் விபரீதம். அது ஐரிஸை உராய்ந்து துகளை உதிர்ப்பதோடு, வடிகாற் கோணத்தையும் நெருக்கி, கார்னியாவின் உட்புறத்திலிருந்து நீரை இறைத்து அதைத் தெளிவாய் வைத்திருக்கும் உயிரணுக்களையும் தேய்க்கிறது; அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை, கார்னியா ஊறி மங்கிவிடும். வில்லையை எடுத்தபின்னும் கிளாக்கோமாவோடு வாழ்பவரும், பிறர் கார்னியாவை ஏற்க நேர்ந்தவரும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். அமெரிக்கக் கண் மருத்துவர் அகாதெமி 2024இல் கண் நிறம் மாற்றும் அறுவைச் சிகிச்சைகள் குறித்து எச்சரித்தது.

சரித்திரமும் கேட்பீர்கள்: கார்னியாவில் மை ஏற்றுவது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கையாளப்பட்டது, ஆனால் பார்வை போன கண்ணின் வெண்தழும்பை மறைக்க. அதே வித்தையை லேசர் துணையோடு நல்ல கண்ணில் பிரயோகிப்பதுதான் இன்றைய நாகரிகம்.

நிறந்தான் வேண்டுமென்றால், கண் மருத்துவர் அளந்து தரும் வண்ண லென்ஸ் இருக்கிறது. படுக்கப் போகுமுன் கழற்றிவிடலாம்.