100 ரூபாய்க்கு பீர் விற்றால் கம்பெனிக்கு மிஞ்சுவது 2 ரூபாய்தான். ஏன்?

2025 ஜனவரி 8. கிங்ஃபிஷர் பீரைத் தயாரிக்கும் யுனைடெட் ப்ரூவரீஸ், தெலங்கானாவுக்குச் சரக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டதாக அறிவித்தது. பீர் நன்றாக விற்கும் மாநிலங்களில் அதுவும் ஒன்று. நல்லா ஓடுற சந்தையை ஒரு கம்பெனி தானாகவே ஏன் விட வேண்டும்?

கம்பெனி சொன்ன காரணங்கள் இரண்டு. ஒன்று, 2019-20க்குப் பிறகு அடிப்படை விலையை மாநில அரசு உயர்த்தவே இல்லை. இரண்டு, ஏற்கெனவே அனுப்பிய சரக்குக்குப் பெரும் தொகை பாக்கி.

விலையை யார் முடிவு செய்வது?

சோப்போ பிஸ்கட்டோ என்றால் தயாரிப்பவரே விலை வைப்பார். பீரில் அது நடக்காது. தெலங்கானாவில் எல்லா பீரையும் அரசு நிறுவனம்தான் மொத்தமாக வாங்கி, தனியார் கடைகளுக்குக் கொடுக்கிறது. நம்ம ஊரில் 2003 முதல் கடையையும் டாஸ்மாக்கே நடத்துகிறது.

யோசிச்சுப் பாருங்க: சரக்கை வாங்குவதும் அரசு, விலையை நிர்ணயிப்பதும் அரசு, வரி வசூலிப்பதும் அரசு. பார்லி, பாட்டில், டீசல் விலை ஏறினாலும், அரசு சம்மதிக்காமல் கம்பெனி ஒரு ரூபாய்கூட ஏற்ற முடியாது.

பணம் எங்கே போகிறது?

2023-24இல் யுனைடெட் ப்ரூவரீஸின் மொத்த வருவாய் 18,000 கோடி ரூபாய்க்கு மேல். அதில் 10,000 கோடிக்கு மேல் கலால் வரி. நிகர லாபம் சுமார் 410 கோடி.

கம்பெனி கணக்குக்கு வரும் பணத்தை 100 ரூபாயாக வைத்துக்கொண்டால்:

• கலால் வரி: சுமார் 56 ரூபாய்
• மூலப்பொருள், பாட்டில், சம்பளம், போக்குவரத்து, விளம்பரம் உள்ளிட்ட செலவுகள்: சுமார் 42 ரூபாய்
• லாபம்: சுமார் 2 ரூபாய்

நீங்கள் கடையில் கொடுக்கும் விலையில் வாட் வரியும் கடைக்காரர் கமிஷனும் இதற்கு மேல் சேரும்.

ஜிஎஸ்டி உதவாதா?

மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் புது பாட்டிலுக்கு 18% ஜிஎஸ்டி உண்டு. மற்ற தொழில்களில் இப்படிக் கட்டிய வரியை, விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம். பீர் கம்பெனிக்கு அந்த வழி இல்லை; கட்டிய வரி செலவாகவே நின்றுவிடும். பழைய பாட்டில்களைத் திரும்ப வாங்கிக் கழுவிப் பயன்படுத்துவதில் கம்பெனிகள் காட்டும் அக்கறைக்கு இதுவும் ஒரு காரணம்.

மாநில எல்லையும் ஒரு செலவு. பீரில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான், கனமான சரக்கு. எல்லை தாண்டினால் தனிக் கட்டணம், தனி லேபிள் பதிவு. அதனால் ஒரே பெரிய ஆலையில் மலிவாகக் காய்ச்சி நாடு முழுக்க அனுப்ப முடியாது. பல மாநிலங்களில் ஆலை வைத்தாக வேண்டும்.

அப்போ தப்பெல்லாம் அரசு மேலயா?

அப்படியும் சொல்ல முடியாது. அடிப்படை விலையைக் கூட்டினால் ஒன்று கடை விலை ஏறும், இல்லையென்றால் அரசின் வரி வருமானம் குறையும்.

கம்பெனிகளின் கணக்கை அரசு அப்படியே நம்பாததற்கும் காரணம் இருக்கிறது. மாநிலங்களிடம் என்ன விலை கேட்பது என்று பீர் கம்பெனிகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டதாக இந்தியப் போட்டி ஆணையம் 2021 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. யுனைடெட் ப்ரூவரீஸுக்கு சுமார் 752 கோடி, கார்ல்ஸ்பெர்க் இந்தியாவுக்கு சுமார் 121 கோடி ரூபாய் அபராதம். கூட்டணியைக் காட்டிக்கொடுத்த ஆன்ஹைசர் புஷ் இன்பெவ் அபராதத்திலிருந்து தப்பியது. அபராதத்தை எதிர்த்துக் கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின.

கடைசியில் என்ன ஆச்சு?

ஜனவரி 20இல் சப்ளை மீண்டும் தொடங்கியது. கம்பெனி கேட்டது 33.1% உயர்வு. பிப்ரவரியில் தெலங்கானா அரசு கொடுத்தது 15%. கடை விலையும் ஏறியது.

அடுத்த முறை "பீர் விலை உயர்வு" என்ற செய்தியைப் பார்த்தால், ஏறியது அடிப்படை விலையா, வரியா என்று பாருங்கள். முதலாவது என்றால் கம்பெனிக்கு லாபம் கூடலாம். இரண்டாவது என்றால் பணம் அரசுக்குப் போகும். விற்பனை குறைந்தால் அடி கம்பெனிக்கு. இந்தக் கம்பெனிகளின் பங்குகளை வாங்க நினைப்பவர்கள், பிராண்டின் பெயரைவிட இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.